யானை வந்ததா?

ராத்திரி முழுக்க நாடகம் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கேயாவது ஒரு மணி நேரம் தூங்கியிருப்பார்கள்.

எங்கள் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் கோயில் பொங்கல் என்றால் நாடகம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்வரை போகும். பபூன் வரும்போது ஊரே முழித்திருக்கும். நாரதர் வரும்போது பிள்ளைகள் சாய்ந்துவிடும். விடியக்காலையில் வள்ளியும் முருகனும் மாலை மாற்றுகிற நேரத்தில் பாதிக் களம் போர்வைக்குள் கிடக்கும். மறுநாள், 'நாடகம் எப்படிப்பா?' என்று கேட்டால் ரொம்பத் தூங்கினவன்தான் ரொம்பப் பிரமாதம் என்பான்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்படிச் சொன்ன ஒரு பொய் நாற்பத்தைந்து வருடம் என் கூடவே வந்தது.

1979. நான் ஏழாம் வகுப்பு. அப்போது எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் காமராஜர் மாவட்டம் என்று தனியாகப் பிரித்தார்கள். விருதுநகர் மாவட்டம் என்று ஆனது 1997-ல். எங்கள் கூட்டம் மூன்று பேர். பெயரெல்லாம் வேண்டாம், பட்டப்பெயரே போதும். ஒருவன் 'துரை'. வகுப்பிலேயே செருப்புப் போட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான். இன்னொருவன் 'பபூன்'. எந்த வாத்தியார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவான். பபூனுக்கு ஊர் சூலக்கரை. விருதுநகரிலிருந்து சாத்தூர் ரோட்டில் தெற்கே போனால் வரும். தினமும் நடந்தே பள்ளிக்கு வருவான்.

"எங்க ஊர்ல பொங்கல்டா. வள்ளி திருமணம் போடுறாங்க. வாங்கடா" என்றான்.

துரை வீட்டில் கெஞ்சி, எங்கள் வீட்டில் அழுது, அனுமதி வாங்கிப் போனோம். ஆளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு. பபூனின் பாட்டி கொடுத்த சாக்கு ரெண்டு. அதுதான் எங்களுக்குப் பால்கனி டிக்கெட்.

களத்தில் ஏற்கெனவே இடம் பிடித்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பபூனுடைய அக்கா. எங்களைவிட ஒரு வயசு மூத்தவள். பதிமூன்று இருக்கும். பெண்கள் பக்கத்தின் ஓரத்தில் அவள், ஆண்கள் பக்கத்தின் ஓரத்தில் நாங்கள். நடுவில் ஒரு கயிறு.

"டே, தூங்குனீங்கன்னா கிள்ளிருவேன்" என்றாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தே கை எட்டும்.

இந்த நாடகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இதை ஸ்பெஷல் நாடகம் என்போம். கம்பெனி நாடகம் மாதிரி ஒரே குழு ஊர் ஊராகப் போவது கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக, 'ஸ்பெஷலாக' பேசிக் கூட்டி வருவார்கள். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லாக இருக்கும். பபூன் மதுரை. ஆர்மோனியக்காரர் எந்த ஊரோ. அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால், அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. "என்ன சுருதி அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொள்வதுதான் ஒத்திகை.

இது எப்படிச் சாத்தியம் என்றால், கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். அதற்கு அடித்தளம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்து, புதுச்சேரியில் 1922-ல் மறைந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று வரிசையாக எழுதினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று சிறுவர்களை வைத்து ஒரு நாடகக் குழு தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அவர் போட்டுக் கொடுத்த எலும்புக்கூட்டுக்கு ஒவ்வொரு ராத்திரியும் நடிகர்கள் புதிதாகச் சதை போடுகிறார்கள். பேச்சு எழுதி வைத்தது இல்லை. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவார்கள் பாருங்கள், எந்தக் கேள்வி வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பதில் சொல்லத் தெரியாமல் முழித்தால், ஊரே கைதட்டிச் சிரிக்கும்.

வேலை செய்கிற ஜனங்களின் நாடகம் இது. அதனாலேயே இதற்குள் அரசியலும் புகுந்தது. சிவகாசியில் 1886-ல் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ், தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். எந்த வெள்ளை என்று களத்தில் இருப்பவனுக்கும் புரியும், ஓரத்தில் நிற்கிற போலீசுக்கும் புரியும். பல தடவை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் போனது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது தங்கள் வீட்டு மனிதரைச் சொல்வது மாதிரிதான் சொல்வார்கள்.

சரி, 1979-க்கு வருகிறேன்.

பபூனும் டான்ஸ்காரம்மாவும் ரெண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். சில இடங்களில் தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். பொத்திய கையோடு அவர்களே சிரித்தார்கள். நடுநடுவே யாராவது மேடையேறி, நடிகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார். உடனே கதை நிற்கும். இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு ரூபாய் ரெண்டு என்று மைக்கில் நன்றி சொல்லிவிட்டுத்தான் முருகனே பேசுவார்.

வள்ளி வந்தாள். பரண்மேல் ஏறி நின்று ஆலோலம் பாடினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"இவளும் வேலைக்குத்தான்டா போறா, எங்கள மாதிரி" என்றாள்.

அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பெய்யாத கரிசல் காட்டுக்கு அது ஒரு கஞ்சி வார்த்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கஞ்சியில் பாதி, பிள்ளைகளின் விரலில் இருந்து வந்தது. வரிவரியாகத் துளை மாதிரிப் பள்ளம் உள்ள மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அப்படியே கொண்டுபோய் மருந்தில் முக்குவார்கள். கட்டை அடுக்குவது என்று பெயர். எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. சின்ன விரல்தான் சீக்கிரம் அடுக்கும். அக்கா ஒன்பது வயசில் போனாள். வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். தம்பி படித்தான்.

பிள்ளைகளை ஏற்ற ஆபீஸ் வண்டி விடியுமுன்னே ஊருக்குள் வரும். எழுப்பி விடுவதற்கென்றே ஊரில் ஒரு ஆள் இருப்பார். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிற பிள்ளைகள் அவர்கள். வருஷத்தில் எத்தனை நாள் அவர்கள் தங்கள் ஊரை வெளிச்சத்தில் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போது அதை யோசிக்கிற புத்தியும் எனக்கு இல்லை.

நாடகத்தில் முருகன் வேடனாக வந்து மானைத் தேடினார். வேங்கை மரமாக நின்றார். அப்புறம் விருத்தனாக, தாடியும் தடியுமாக, தள்ளாடிக்கொண்டு வந்தார். வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்றார். விக்கலெடுத்தது. "தண்ணி... தண்ணி..." என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் பண்ணிய சேட்டையில் கூட்டம் புரண்டது.

அந்த இடத்தில் ரோட்டுப் பக்கம் ஹாரன் அடித்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் அங்கங்கே பத்துப் பன்னிரண்டு சின்னத் தலைகள் எழுந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாயைச் சுருட்டினார்கள். தூக்குச்சட்டியை எடுத்தார்கள். அக்கா எழுந்தவள், மேடையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனாள். போகிற போக்கில் என்னிடம், "இனிமேதான்டா யானை வரும். நல்லாப் பாத்து வை. சாயந்தரம் வந்து கேப்பேன்" என்றாள்.

தன் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் அப்போதே குறட்டை.

நான் பார்த்தேனா? வண்டியின் சத்தம் தேய்ந்து போனதுவரை நினைவிருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தபோது வெயில். மேடையில் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பபூன் வீட்டிலேயே சாப்பிட்டு, கண்மாய்க் கரையில் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்தும் கிளம்பாமல் இருந்தோம். இருட்டினதும் வண்டி வந்தது. அக்கா இறங்கினாள். விரலெல்லாம் மருந்து வாசம். முகம் கழுவக்கூட இல்லை.

"யானை வந்துச்சாடா?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கே, கிள்ளுவாளே என்ற பயமா, இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்ற இரக்கமா, வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"வந்துச்சுக்கா. நெஜ யானை! மதுரைல இருந்து லாரில கொண்டாந்திருந்தாங்க."

"ஆத்தி! நெஜ யானையா?"

"ஆமாக்கா. மேடை தாங்காதுன்னு கீழயே நிப்பாட்டிட்டாங்க. தும்பிக்கையத் தூக்கிச்சு பாரு, வள்ளி ஓடிப்போய் கிழவனக் கட்டிக்கிட்டா."

துரையும் சேர்ந்துகொண்டான். "எனக்கு ஆசீர்வாதம் பண்ணுச்சு" என்றான். பபூன் உடனே யானை மாதிரிப் பிளிறிக் காட்டினான். மூன்று பேரும் தூங்கியவர்கள். மூன்று பேரும் யானையைப் பார்த்தோம்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "பாக்காமப் போயிட்டேனே" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று எல்லாரும் சிதறிவிட்டோம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் சிறப்புப் பள்ளிகளுக்கான தேசியத் திட்டம் ஆரம்பித்தது. சிவகாசி என்ற பெயர் தில்லிப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. சட்டம் வந்தபோது அக்காவுக்கு இருபது வயசு. அது அவளைத் தொடவில்லை. தாண்டிப் போய்விட்டது. பபூன் பி.காம். முடித்து வங்கிக்குப் போனான். 'எங்க அக்கா அடுக்குன கட்டையிலதான்டா நான் ஏறி நிக்கிறேன்' என்று குடித்திருக்கும்போது மட்டும் சொல்வான். குடிக்காதபோது சொல்ல வெட்கமாக இருக்கும் போல.

எப்போதாவது அக்காவைப் பார்க்கிறபோது அந்த யானை எனக்குள் அசையும். ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே வைத்து யானையைப் பற்றிப் பேசுவது?

2024 சித்திரையில் துரை அமெரிக்காவிலிருந்து வந்தான். நியூஜெர்சியில் முப்பது வருஷம். அதே வாரம் சூலக்கரையில் பொங்கல். நாடகம் உண்டு என்று பபூன் போனில் சொன்னான். ரோஸ் கலர் நோட்டீசை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். நடிகர்கள் போட்டோவோடு, ஊர்ப் பெயரோடு, பட்டங்களோடு, அந்தக் காலத்து நோட்டீஸ் அப்படியே. வள்ளி திருமணம்தான்.

மூன்று பேரும் போனோம். இந்தத் தடவை நாற்காலி. அக்காவும் வந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயசு. மூட்டுவலி, கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி. கீழே பாய் விரித்து உட்கார்ந்தவளை நாற்காலிக்கு மாற்ற முடியவில்லை. கடைசியில் நாங்கள் மூன்று பேரும் பாய்க்கு இறங்கினோம். கயிறு இல்லை.

சூலக்கரை மாறியிருந்தது. தொழிற்பேட்டை, நாலுவழிச் சாலை, ராத்திரி முழுக்க லாரி வெளிச்சம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதியை எல்லாரும் சொன்னார்கள். வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் இல்லை. மேடையோரம் சின்னதாக ரெண்டு பெட்டி, அதுவும் களத்தைத் தாண்டாத சத்தம். கூட்டமும் கம்மி. இருநூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் சுக்குக் காப்பி இருந்தது. காராச்சேவு இருந்தது.

பபூன் வேஷக்காரர் செல்போனை வைத்து ஒரு மணி நேரம் சிரிக்க வைத்தார். அவர் முடித்து நாரதர் வருவதற்குள் ஒரு இடைவெளி. துரை சொல்ல ஆரம்பித்தான்.

"போன வருஷம் எம் பொண்ணு நியூயார்க்ல ஆப்பராவுக்குக் கூட்டிட்டுப் போனாக்கா. மெட்ரோபாலிடன் ஆப்பரான்னு. நாலாயிரம் பேர் உக்காரலாம் போல. மைக்கே கிடையாது, தொண்டைதான். இத்தாலி பாஷை. முன் சீட்டு முதுகுல சின்னத் திரை, அதுல இங்கிலீஷ்ல அர்த்தம் ஓடும். உக்காந்து அஞ்சே நிமிஷம், எனக்கு நம்ம சூலக்கரை களம்தான் ஞாபகம் வந்துச்சு. பேச வேண்டியதையெல்லாம் பாடுறாங்க. செத்துக்கிட்டே பாடுறாங்க!"

"என்ன கதை?" என்றாள் அக்கா.

துரை பார்த்தது 'லா போயெம்'. பூச்சீனி என்ற இத்தாலிக்காரர் இசையமைத்து, 1896-ல் டூரின் நகரத்தில் முதலில் மேடையேறியது. நம் சங்கரதாஸ் சுவாமிகள் இருந்த காலம்தான். துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"பாரிஸ்ல நாலு பசங்க. ஒரு மொட்டைமாடி ரூம்ல இருக்காங்க. குளிரு. காசு கெடையாது. பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு. மெழுகுவத்தி அணைஞ்சு போச்சுன்னு கதவத் தட்டி, நெருப்பு கேட்டு வர்றா. அதுலதான் காதல்."

"ஏன், அந்த ஊர்ல தீப்பெட்டி இல்லையாமா?" என்றாள் அக்கா.

நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

"அவளுக்கு என்ன வேலை?"

"துணில பூ தைக்கிறவக்கா. ஏழைப் பொண்ணு."

"கடைசில?"

"இருமல் நோவு. செத்துப் போறா. பூராப் பேரும் அழுறாங்க. எம் பொண்ணும் அழுதா. நானும்தான்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாவம். நம்மூர்க்காரன் வள்ளிக்குக் கல்யாணம் பண்ணி வச்சுல்ல அனுப்புறான்? வேலைக்குப் போற பிள்ள கதைய அப்படி முடிச்சா, விடிஞ்சு எப்பிடி எந்திரிச்சு வேலைக்குப் போறது?" என்றாள்.

நான் எத்தனையோ நாடக விமர்சனம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

"பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்க்கா. கடைசி ரயிலப் பிடிக்க எல்லாரும் ஓடுவாங்க" என்றான் துரை.

"அங்கயும் வண்டிதானா?" என்றாள்.

வள்ளி வந்தாள். பரணில் ஏறி ஆலோலம் பாடினாள். நாரதரோடு தர்க்கத்தில் இந்த வள்ளி சக்கைப்போடு போட்டாள். தெய்வத்தை மணந்தால் என்ன கிடைக்கும் என்று அவர் அடுக்க, அப்படியானால் நீர் ஏன் ஒண்டிக்கட்டையாக அலைகிறீர் என்று ஒரே போடு. பெண்கள் பக்கம் விசில் பறந்தது. 1979-ல் விசில் ஆண்கள் பக்கம் மட்டும்தான்.

இந்தத் தடவை தூங்கக் கூடாது என்று நான் வைராக்கியமாக இருந்தேன். பபூன் அவன் வழக்கப்படி ரெண்டு மணிக்கே சாய்ந்துவிட்டான். துரைக்கு அமெரிக்க நேரம், தூக்கமே வரவில்லை. வேடன் வந்தார். மரமானார். விருத்தன் வந்தார். தேன், தினைமா, விக்கல்.

நாலு மணி இருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் பாயின் ஒரு முனை. சுருட்டப் போகிறவள் மாதிரி.

"என்னக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ரோட்டில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தாள். "காலு தானா எந்திரிச்சிருச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு யானை வரல. நான் பாக்கவே இல்ல. தூங்கிட்டேன். பொய் சொன்னேன்."

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். வண்டில இருந்து எறங்கி, களத்து வழியாத்தானே வீட்டுக்கு வந்தேன்? நீ சொன்னப்புறம் திரும்பப் போய் லாந்தர வச்சுப் பாத்தேன். யானை வந்திருந்தா லத்தி போட்டிருக்காதா? ஒரு கால் தடமாவது இருக்காதா? களம் சுத்தமாக் கெடந்துச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல? கிள்ளியிருக்கலாம்ல?"

"எதுக்குக் கேக்கணும்? மறுநா வண்டில அம்புட்டுப் புள்ளைகளும் கேட்டாளுக, 'யானை வந்துச்சாடி, ஒந் தம்பி பாத்தானா'ன்னு. வந்துச்சுன்னு சொன்னேன். மதுரைல இருந்து லாரில வந்துச்சு, மேடை தாங்காதுன்னு கீழ நின்னுச்சுன்னு, நீ சொன்ன மாதிரியே சொன்னேன். நானும் கொஞ்சம் சேத்துக்கிட்டேன். நெத்திப்பட்டம், மணி எல்லாம். கட்டை அடுக்கையில தெனமும் அந்தக் கதைதான். வாரா வாரம் யானை பெருசாயிக்கிட்டே போகும். அதச் சொல்லிக்கிட்டே எத்தன கட்டை அடுக்கிருப்போம்!"

மேடையில் விருத்தன் கையைத் தூக்கி அண்ணனைக் கூப்பிட்டார். அக்கா என் கையைப் பிடித்து, "பேசாத. இப்ப வரும்" என்றாள்.

யானை வரவில்லை. வருமென்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கினார்கள். ஆர்மோனியம் கீழ்க்கட்டையில் முனகியது. மேடையோரம் உட்கார்ந்திருந்த ஆல்ரவுண்ட்காரர், இந்த நாடகத்தில் இடி, மழை, குதிரை, பறவை எல்லாச் சத்தமும் அவர் பொறுப்புதான், உருட்டுச் சத்தமாக ஒன்றை எழுப்பி, அதன்மேல் ஒரு பிளிறலைவிட்டார். வள்ளி திரும்பினாள். ஒன்றுமே இல்லாத மூலையைப் பார்த்து அவள் கண் விரிந்தது. பின்னால் பின்னால் நகர்ந்தாள். அலறிக்கொண்டு ஓடிக் கிழவனைக் கட்டிக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூலையில் யானை நின்றது. துரை வாயைத் திறந்தபடி இருந்தான். குளிர்சாதன அரங்கில், ஆயிரம் விளக்குக்கு நடுவில் இப்படி ஒன்றை அவன் பார்த்தானா என்று அப்புறம் கேட்டேன். "அங்க எல்லாத்தையும் காமிச்சுருவாங்கடா. பனி பெய்யணும்னா பனியவே கொட்டுவாங்க" என்றான். அதுவும் ஒரு அழகுதான். ஆனால் காசில்லாத ஊரில், ஒரு ஆள் தொண்டையாலும் ஒரு பெண் கண்ணாலும் யானையைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மிச்சத்தைப் பார்க்கிறவன் சேர்த்துக்கொள்கிறான். அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஆபீசில் அக்கா செய்ததும் அதுதான். நெத்திப்பட்டத்தையும் மணியையும் அவள்தான் சேர்த்தாள்.

நான் இத்தனை வருஷமும் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளை ஏமாற்றியது நானில்லை. யானை வருகிற நேரத்தில் ஹாரன் அடித்தார்களே, அவர்கள். அதற்குப் போய் நானும் நீங்களும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தோமே, அது. அந்த வண்டியில் போன மற்றப் பத்துப் பன்னிரண்டு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் யாராவது கடைசிவரை ஒரு நாடகம் பார்த்தார்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

"கட்டிக் குடுத்து வேற வேற ஊரு போயிட்டாளுக. ரெண்டு பேரு இல்ல" என்றாள்.

கிழக்கே வெளுத்தபோது வேஷம் கலைந்து கிழவன் முருகனானார். மயில்தோகைக்கு ஏற்கெனவே நாலைந்து இறகு உதிர்ந்திருந்தது. மாலை மாற்றினார்கள். மங்களம் பாடினார்கள். ஊர்ப் பெண்கள் நாலு பேர் எழுந்து கும்பிட்டார்கள். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பபூன் அப்போதுதான் முழித்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே, "நாடகம் பிரமாதம்ல?" என்றான்.

அக்கா எட்டி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நாற்பத்தைந்து வருஷத்துப் பாக்கி.

"ஆ! ஏங்க்கா?"

"யானை வந்துச்சுடா" என்றாள்.